யாருடைய நேரத்தில் எழுதுகிறோம்?



சென்ற ரஜபு மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஜமாஅத்தார் கலைந்துவிட்டனர். மின்விசிறிகளை நிறுத்தப் போன நம்மை, தூணருகே காத்திருந்த ஓர் இளைஞர் மெல்ல அழைத்தார். கோவில்பட்டிக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் கணக்கு எழுதுபவர் அவர். காலை ஒன்பது மணிக்குத் திறக்கும் கடையை இரவு ஒன்பதரைக்குத்தான் பூட்டுவார்கள். வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கும் தாயார் வேறு.

"ஹஜ்ரத், சின்ன வயசிலிருந்தே கதை எழுதணும்னு ஆசை. நேரமே கிடைக்கல. தப்பித்தவறி உட்கார்ந்தாலும், இந்த நேரத்துக்கு நாலு பக்கம் குர்ஆன் ஓதியிருக்கலாமே, அம்மாவுக்குக் காலாவது பிடிச்சு விட்டிருக்கலாமேன்னு மனசு குத்துது. நான் எழுதலாமா, விட்டுடணுமா?" என்றார்.

பதிலை அப்போதே சொல்ல நமக்கு நா எழவில்லை. "அடுத்த மாதம் சொல்கிறேன் தம்பி" என்று அனுப்பிவிட்டோம். காரணம், அது நம்முடைய கேள்வியும்கூட. ஐந்து வக்துக்கும் இமாமத், காலையும் மாலையும் மக்தப் பிள்ளைகள், நிக்காஹ், ஜனாஸா, பாத்திஹா என்று ஓடும் நம் நாட்களுக்கு நடுவே, மதரஸாவில் ஓதிய காலம் தொட்டுக் கதையும் பாட்டும் எழுதிப் பார்க்கும் பழக்கம் நமக்கும் உண்டு. அந்த இளைஞரின் மனதில் குத்திய முள் நம் மனதிலும் பல இரவுகள் குத்தியிருக்கிறது. ஆகவே அவருக்குச் சொல்லும் பதிலை, நமக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறோம்.

எழுதலாமா?

முதலில் மார்க்கத்தின் நிலையைப் பார்த்துவிடுவோம். நம்மவரில் சிலர், கவிதையும் கதையும் ஈமானுக்கு ஆகாத சரக்குகள் என்று எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அஷ்ஷுஅரா அத்தியாயத்தின் இறுதியில், மனம்போன போக்கில் அலைந்து, செய்யாததைச் சொல்லித் திரியும் கவிஞர்களை அல்லாஹ் கண்டிக்கிறான். அதை எடுத்துக் காட்டுபவர்கள் அதற்கடுத்த வசனத்தோடு நிற்பதில்லை என்பதுதான் வருத்தம். ஈமான் கொண்டு, நற்செயல் புரிந்து, இறைவனை அதிகம் நினைவுகூர்ந்து, அநீதி இழைக்கப்பட்டபின் தம்மைத் தற்காத்துக்கொள்பவர்களுக்கு அங்கேயே விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. கண்டனம் நாவின் பொறுப்பற்ற தன்மைக்கே. நாவுக்கு அன்று.

ஹஸ்ஸான் பின் தாபித் (ரலி) அவர்கள் கவிதை சொல்வதற்காக மஸ்ஜிதுந் நபவியிலேயே ஒரு மிம்பரை அமைக்கச் செய்தார்கள் பெருமானார் (ஸல்) அவர்கள். யூசுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை, வரலாறுகளில் மிக அழகியது என்று அல்லாஹ்வே சிறப்பித்துக் கூறுகிறான். "வரலாறு உண்மை, கற்பனைக் கதை பொய்யாகாதா?" என்று கேட்கலாம். கப்பலின் கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் மேல்தளத்தாருக்குத் தொல்லை தராமல் தண்ணீர் எடுப்பதாக எண்ணி, தம் பகுதியில் ஓட்டை போட முனைந்த உவமையை நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். எந்தக் கப்பல், எந்த ஊர்க் கப்பல் என்று தோழர்களில் எவரும் கேட்கவில்லை. கதை கதையாகவே சொல்லப்படும்போது அங்கே எவரும் ஏமாற்றப்படுவதில்லை.

ஆகவே எழுதலாம். புறம், ஆபாசம், அவதூறு இவை கலவாமல் எழுதலாம். உள்ளதை உள்ளபடி உணர்ந்து எழுதினால் அது நன்மையாகவும் ஆகலாம். இதில் நமக்கு ஐயமில்லை. ஐயம் அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது.

நேரம் எங்கே?

உடல்நலம், ஓய்வு என்னும் இரு அருட்கொடைகளின் விஷயத்தில் மனிதர்களில் பெரும்பாலோர் நட்டமடைந்து போகிறார்கள் என்பது நபிமொழியின் கருத்து. ஓய்வு இல்லாததால் நட்டம் என்று அங்கே சொல்லப்படவில்லை. கையில் இருந்த ஓய்வைக் கணக்கில் கொண்டுவராமல் விட்டதே நட்டம்.

இதனை நம் கரிசல் சீமையே நமக்குக் கற்றுத் தருகிறது. கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிச் சாலையில் இருக்கும் இடைசெவல் ஒரு சிற்றூர். அந்த ஒரே ஊர் தமிழுக்கு இரண்டு பெரும் எழுத்தாளர்களைத் தந்தது. கி.ராஜநாராயணன் அவர்கள் 1922ல் பிறந்தவர், கு.அழகிரிசாமி அவர்கள் 1923ல் பிறந்தவர். கி.ரா. ஒரு விவசாயி. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. முப்பது வயதைக் கடந்த பிறகே கதை எழுதத் தொடங்கினார். 1991ல் அவருக்கு சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 2021ல் மறையும் வரை எழுத்தை விடவில்லை. நண்பர் அழகிரிசாமி பிழைப்புக்காகச் சென்னைக்கும் மலேயாவுக்கும் போனபோது அங்கிருந்து கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் பின்னாளில் ஒரு நூலாகவே வெளிவந்தன. கடிதம் எழுதுவதற்குக்கூட நேரமில்லை என்று சொல்லும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

மேலாண்மை பொன்னுச்சாமி அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். விருதுநகர் மாவட்டத்து மேலாண்மறைநாடு அவருடைய ஊர். ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். ஊரில் சின்னதாக ஒரு பலசரக்குக் கடை. அந்தக் கடையில் உட்கார்ந்திருந்தவருக்கே 2007ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது வந்தது. உருளைக்குடியைச் சேர்ந்த சோ.தர்மன் அவர்கள் கோவில்பட்டி மில்லில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். எட்டயபுரம் சீமைக் கண்மாய்களின் கதையைச் சொல்லும் அவருடைய 'சூல்' நாவல் 2019ல் விருது பெற்றது. பூமணி அவர்கள் கூட்டுறவுத் துறையில் அரசு உத்தியோகம் பார்த்தவர். 2014ல் விருது பெற்றவர்.

நம் சமுதாயத்திலிருந்தே ஒருவரைச் சொல்வோம். தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து திருநெல்வேலியில் வாழ்ந்த தோப்பில் முஹம்மது மீரான் அவர்கள் மிளகாய் வற்றல் வியாபாரி. மலையாளத்தில் பள்ளிப் படிப்பு படித்தவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' முஸ்லிம் முரசு இதழில் தொடராக வந்தபோது, வற்றல் மூட்டைகளுக்கு நடுவிலிருந்து ஓர் இலக்கியம் பிறப்பதை நம் பெரியவர்கள் மாதந்தோறும் படித்தார்கள். 1997ல் அவருக்கும் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. 2019ல் அவர் காலமானார்.

விவசாயம், பலசரக்குக் கடை, மில், கூட்டுறவு அலுவலகம், வற்றல் கமிஷன் என்று இவர்களுடைய தொழில்கள் வெவ்வேறு. ஆனால் வேலையெல்லாம் முடிந்து, கடன் தீர்ந்து, பிள்ளைகள் கரையேறிய பிறகு எழுதலாம் என்று இவர்களில் எவரும் உட்கார்ந்திருக்கவில்லை. இவர்கள் எழுதியதெல்லாம் எதைப் பற்றி? வயலைப் பற்றி, கடைக்கு வந்தவர்களைப் பற்றி, கண்மாயைப் பற்றி, கடற்கரை முஸ்லிம்களைப் பற்றி. வேலையும் வாழ்க்கையுமே அவர்களுக்கு எழுத்தின் கச்சாப் பொருளாயின. நேரத்தைத் தின்றுவிட்டது என்று நாம் குறை சொல்லும் அதே கடைவீதிதான் நமக்குக் கதையையும் தர வேண்டும்.

புழுதி விதைப்பு

நம் ஊர் சம்சாரிகளுக்குப் புழுதி விதைப்பைப் பற்றி நாம் சொல்லித் தரத் தேவையில்லை. வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறோம். இங்கே ஆறு இல்லை, வாய்க்கால் இல்லை. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆண்டு முழுவதற்கும் கஞ்சி. மழை நன்றாக இறங்கிய பின் விதைக்கலாம் என்று காத்திருந்தால், கரிசல் குழைந்துபோய் அதில் ஏர் இறக்க முடியாது. காலை வைத்தால் மண் காலோடு வந்துவிடும். மண் காய்ந்து வாப்புக்கு வருவதற்குள் பருவம் பாதி போய்விடும். அதனால் சித்திரை, வைகாசியில் விழும் கோடை மழையில் உழுது போட்டு, புரட்டாசியில் வானத்தில் மேகமே இல்லாதபோது காய்ந்த புழுதியில் விதையைப் போட்டுவிடுகிறார்கள். சிறு தூறலுக்கு முளைத்துக் கருகிவிடாதபடி சற்று ஆழமாகவே போடுகிறார்கள். மழை வரும் நாளில் விதை ஏற்கனவே மண்ணுக்குள் இருக்கிறது. 1901லிருந்து கோவில்பட்டியில் இருக்கும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் மானாவாரி நிலத்துக்கு இந்த முன்பருவ விதைப்பையே சிபாரிசு செய்கிறது.

இது சம்சாரியின் தவக்குல். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு அல்லாஹ்வின் மீது பொறுப்பைச் சாட்டச் சொன்ன நபிமொழியின் விளக்கத்தை இந்தக் காட்டிலே காணலாம்.

எழுத்துக்கும் இதே வழிதான். ஓய்வு என்னும் மழை வரட்டும், பிறகு எழுதுவோம் என்பவருக்கு, மழை வந்த நாளில் கையில் விதை இராது. காய்ந்த நாட்களில்தான் விதைக்க வேண்டும். கேட்ட ஒரு சொல், கண்ட ஒரு முகம், மனதில் தைத்த ஒரு நிகழ்ச்சி இவற்றை நான்கு வரியில் குறித்துவைப்பது புழுதி விதைப்பு. விடுமுறை என்று ஒரு நாள் கிடைக்கும்போது அது முளைக்கும்.

நற்செயல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாக இருப்பினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பது ஆயிஷா நாயகி (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. கணக்குத் தெரிந்த அந்த இளைஞருக்குக் கணக்காகவே சொல்கிறோம். நாளொன்றுக்கு அரைப் பக்கம், ஆண்டில் 300 நாட்கள், 150 பக்கங்கள். அது ஒரு சிறு நூல். அரைப் பக்கம் எழுத அரைமணி நேரம் போதும். முதலாளியின் சிட்டையை எழுத உங்களுக்கு மனநிலை வர வேண்டும் என்று காத்திருப்பீர்களா தம்பி? காய்ச்சலாக இருந்தாலும் அன்றைய வரவு செலவை அன்றே எழுதிவிட்டுத்தானே எழுந்திருக்கிறீர்கள்? பிறர் காசுக்குக் காட்டும் ஒழுங்கை நம் உள்ளத்துக்கும் காட்டினால் போதும்.

இரு வகைக் குத்தல்

இனி அந்த மனக்குத்தலுக்கு வருவோம். அவர் சொன்னது இரண்டு. குர்ஆன் ஓதியிருக்கலாமே என்பது ஒன்று. அம்மாவின் காலைப் பிடித்திருக்கலாமே என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்றல்ல.

முதலாவதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. இரவு இஷாவுக்குப் பின் டீக்கடை வாசலில் அரசியல் பேசி ஒரு மணி நேரம் போகிறது. படுக்கையில் கைப்பேசியைத் தேய்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் போகிறது. அப்போதெல்லாம் "நாலு பக்கம் ஓதியிருக்கலாமே" என்று மனம் குத்துகிறதா? அங்கே குத்தாத மனம், பேனாவை எடுக்கும்போது மட்டும் குத்துமானால், அது தக்வாவின் குரலன்று. வேலைக்குச் சுணங்கும் நஃப்ஸு, தக்வாவின் தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்து பேசுகிறது. நாம் இதில் பலமுறை ஏமாந்திருக்கிறோம். எழுதாமல் எழுந்து போன இரவுகளில் நாம் குர்ஆன் ஓதியதுமில்லை, உறங்கத்தான் செய்தோம்.

நபியவர்களின் சபையில் இருக்கும்போது உள்ள ஈமானின் உருக்கம், வீட்டுக்குப் போய் மனைவி மக்களோடு கலந்ததும் குறைந்துவிடுகிறதே, நாம் முனாஃபிக் ஆகிவிட்டோமோ என்று ஹன்ழலா (ரலி) அவர்கள் கலங்கி வந்தபோது, அதற்கு ஒரு நேரம், இதற்கு ஒரு நேரம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் தேற்றினார்கள். ஓதலுக்குரிய நேரத்தில் ஓதிவிட்டவர், எழுதும் நேரத்தில் அஞ்ச வேண்டியதில்லை. ஓதாதவர் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளட்டும்.

இரண்டாவது குத்தல் அப்படிப்பட்டதன்று. தாயின் கால் வலி உண்மையான வலி. அங்கே ஒருவருக்கு நம் மேல் ஹக்கு இருக்கிறது. ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் தம் சகோதரராக்கப்பட்ட அபூதர்தா (ரலி) அவர்களின் வீட்டுக்குச் சென்றபோது, அவருடைய மனைவியார் அலங்காரமின்றி வாடியிருக்கக் கண்டார்கள். காரணம் கேட்டபோது, "உங்கள் சகோதரருக்கு இவ்வுலகில் தேவை எதுவுமில்லை" என்ற கருத்தில் அந்த அம்மையார் பதில் கூறினார்கள். பகலெல்லாம் நோன்பு, இரவெல்லாம் தொழுகை என்றிருந்த அபூதர்தாவை ஸல்மான் தடுத்து, உம் இறைவனுக்கும் உம் உடலுக்கும் உம் குடும்பத்துக்கும் உம்மீது உரிமை உண்டு, அவரவர் உரிமையை அவரவருக்குக் கொடும் என்றார்கள். நாயகம் (ஸல்) அவர்கள், ஸல்மான் சொன்னது உண்மை என ஏற்றார்கள். நஃபிலான தொழுகைக்கே இந்த வரம்பு என்றால் கதைக்கும் கவிதைக்கும் சொல்லவா வேண்டும்?

ஆகவே "எழுத நேரம் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டால் போதாது. "நான் எழுதும் இந்த நேரம் யாருடையது?" என்றும் கேட்டாக வேண்டும்.

நம் வீட்டில் நடந்தது

இதை நாம் கிதாபில் ஓதியிருந்தோம். விளங்கிக்கொண்டது நம் வீட்டில்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே உள்ள நேரத்தை எழுத்துக்கென ஒதுக்கினோம். மக்தபைச் சற்று முன்னதாக முடித்துக்கொள்ள ஏற்பாடு செய்து, வீட்டு முன்னறையின் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுவோம். ஏறத்தாழ ஆறு மாதம் ஒரு நாளும் தவறவில்லை. பரக்கத்தான நேரம் கிடைத்துவிட்டதாக அல்லாஹ்வுக்கு நன்றி செலுத்தினோம். ஊரில் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லவும் செய்தோம்.

ஒருநாள் அலமாரியில் ஏதோ தேடியபோது, நம் துணைவியார் ஓதும் முஸ்ஹஃபின் உறையில் தூசு படிந்திருந்ததைக் கண்டோம். திருமணமாகி வந்த நாளிலிருந்து மஃரிபுக்குப் பின் அதை விரிக்காமல் இருந்ததில்லை அவர். யாஸீனை முடித்துவிட்டு, ஸூரத்துல் முல்க்கை மனனம் செய்துகொண்டிருந்தார். "ஏன் ஓதலை நிறுத்திவிட்டாய்?" என்று கேட்டோம். நம் குரலில் சிறிது கண்டிப்பும் இருந்தது.

அவர் கோபப்படவில்லை. "நீங்க எழுத உட்கார்ந்த நாளிலிருந்து இந்த நேரம் எனக்கு இல்லைங்க. கதவைச் சாத்திடுறீங்க. பிள்ளைக சத்தம் உங்களுக்குக் கேட்கக் கூடாதுன்னு, ரெண்டையும் பின்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய் வச்சுக்கிறேன். சின்னவன் மடியில இருந்து இறங்க மாட்டேங்கிறான். எப்படி ஓதுறது?" என்றார்.

நமக்குக் கிடைத்ததாக எண்ணிய நேரம் எங்கிருந்து வந்தது என்பது அன்றுதான் தெரிந்தது. அது வானத்திலிருந்து இறங்கவில்லை. ஒரு பெண்ணின் குர்ஆனிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தது நாம். கேட்காமலே எடுத்தோம். அதற்கு அல்ஹம்துலில்லாஹ்வும் சொன்னோம். அந்த ஆறு மாதத்தில் நாம் எழுதியவற்றுள் ஒன்று, தாயின் தியாகத்தைப் பற்றிய கதை! அதை நாம் எங்கும் அனுப்பவில்லை. இன்றும் அது பெட்டியில்தான் கிடக்கிறது.

மறுநாள் முதல் மஃரிபுக்குப் பின் பிள்ளைகள் நம்மிடம். எழுத்து, ஸுப்ஹுக்குப் பின் மக்தப் பிள்ளைகள் வரும்வரை உள்ள முக்கால் மணி நேரத்துக்குப் போயிற்று. தம் உம்மத்தின் அதிகாலைகளில் பரக்கத் வேண்டிப் பெருமானார் (ஸல்) அவர்கள் துஆ செய்திருப்பது நமக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் அந்த நேரத்தில் போர்வைக்குள் திரும்பப் படுத்துக்கொண்டிருந்தோம். அந்தத் தூக்கம் நம்முடையது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் துணைவியார் அந்த ஆண்டு ரமலானுக்குள் ஸூரத்துல் முல்க்கை முடித்துவிட்டார். நம் எழுத்து முன்னைவிடக் குறைந்தது. ஆயினும் எழுதும்போது கை நடுங்கவில்லை.

அவர்களுக்கும் ஒரு நேரம்

இங்கே ஆண்களுக்கு ஒரு சொல். நமக்கு எழுத ஆசை இருப்பதுபோல் நம் வீட்டுப் பெண்களுக்கும் இருக்கக்கூடும் என்று எப்போதாவது எண்ணியிருக்கிறோமா? நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்தியவர். அவர் எழுதிய 'காதலா கடமையா' என்னும் நாவல் 1938லேயே அச்சேறியது. தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். முஸ்லிம் பெண்ணால் முடியுமா என்னும் கேள்விக்கு அன்றே பதில் கிடைத்துவிட்டது. அவளுக்கு நேரம் விடுவோமா என்பது இன்னும் நம்மிடம்தான் நிற்கிறது.

நம் பெண்கள் மஜ்லிஸுக்கு வரும் ஒரு சகோதரி, பகலில் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து உலை வைப்பவர். அவர் மவ்லிது ராகத்தில் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிறார் என்பதை நம் துணைவியார் வழியாக அறிந்தோம். எழுதுவதற்கு நேரமில்லாததால் மனதிலேயே கட்டி மனதிலேயே வைத்திருக்கிறாராம். கை வேலை பார்க்க, உள்ளம் வரிகளை அடுக்குகிறது. இப்படி எழுதப்படாமலே கபுருக்குப் போன பாட்டுகள் நம் தாய்மார்களிடம் எத்தனை இருந்தனவோ, அல்லாஹ்வே அறிவான். வாரத்தில் ஒரு மாலை, சோற்றுப் பானையை ஒரு ஆண் பார்த்துக்கொண்டால் அந்தப் பாட்டு தாளுக்கு வந்துவிடும். வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு ஒத்தாசை செய்வது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கம் என்று ஆயிஷா நாயகி (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இது நமக்கு இழுக்கன்று, சுன்னத்து.

ஜமாஅத்துக்கும் பங்குண்டு

கோவில்பட்டிக்குக் கிழக்கே எட்டயபுரம். 17ஆம் நூற்றாண்டில் அவ்வூரின் அரண்மனைப் புலவராக விளங்கிய உமறுப் புலவர் அங்கேயே அடங்கியிருக்கிறார். நபிகள் நாயகத்தின் சரிதையைப் பாடிய சீறாப்புராணம் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது. அவ்வளவையும் பாட ஒரு மனிதருக்கு நேரம் எப்படிக் கிடைத்தது? கீழக்கரை வள்ளல் சீதக்காதி தூண்டினார். சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களின் கல்வி துணைநின்றது. பின்னர் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் ஆதரித்தார். ஒரு புலவரின் அடுப்பு எரிவதை நாலு பேர் பார்த்துக்கொண்டதால்தான் சமுதாயம் முழுவதற்கும் ஒரு காப்பியம் கிடைத்தது.

இன்று வள்ளல்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. பள்ளிவாசல் மாடியில் ஒரு மேசை, ஒரு விளக்கு, சனிக்கிழமை இரவு ஒரு மணி நேரம் அமைதி. இவ்வளவையும் எந்த ஜமாஅத்தும் தர முடியும். கந்தூரிப் பந்தலுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு இதற்கு ஆகாது.

மேலும் ஒன்று. சீறாப்புராணம் நபியவர்களின் வாழ்வு முழுவதையும் சொல்லி முடிவதற்குள் புலவரின் ஹயாத் முடிந்துவிட்டது. மீதியைப் பின்னர் பனீ அகமது மரைக்காயர் 'சின்னச் சீறா' என்று பாடினார். முடிக்க முடியுமா என்று அஞ்சித் தொடங்காமல் இருப்பவர்களுக்கு இதில் ஆறுதல் இருக்கிறது. முடிப்பது நம் கையில் இல்லை. நிய்யத்தும் தொடக்கமும் நம் கையில் இருக்கின்றன.

அந்த இளைஞர்

சொன்ன தவணைப்படி ஷஃபானில் அந்த இளைஞர் வந்தார். மேலே எழுதியவற்றைச் சுருக்கமாக அவரிடம் சொன்னோம். "அம்மாவின் நேரத்தை எடுக்காதீர்கள். அம்மா உறங்கிய பின் உங்களுடைய கைப்பேசி நேரத்தை எடுங்கள்" என்றோம்.

அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா உறங்க மாட்டாங்க ஹஜ்ரத். ராத்திரி பன்னிரண்டு, ஒண்ணு வரைக்கும் முழிச்சுத்தான் கிடப்பாங்க" என்றார்.

"அப்படியானால் காலைப் பிடித்துக்கொண்டே அவர்களைப் பேச விடுங்கள். கேட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பினோம்.

ரமலான் பிறை இருபதில், தராவீஹ் முடிந்து வந்து ஒரு பழைய கணக்கு நோட்டை நம் கையில் கொடுத்தார். பற்று, வரவு என்று கோடு போட்ட தாளில், இடமும் வலமும் நிறைய எழுதியிருந்தார். அவருடைய தாயார் பெண்ணாக இருந்தபோது, மழை பொய்த்த ஓர் ஆண்டில், கம்பங்கஞ்சிக்கும் வழியில்லாமல் புளியங்கொட்டையை வறுத்துத் தின்ற கதை. அண்டை வீட்டு நாயக்கர் அம்மா இரவோடிரவாகக் கொண்டுவந்து வைத்த ஒரு படி சோளத்தின் கதை. இதையெல்லாம் முப்பது ஆண்டுகளாகத் தம் தாயிடம் கேட்டதேயில்லை என்றார். "அம்மா இப்ப வலியைப் பத்திப் பேசுறது குறைஞ்சிருக்கு ஹஜ்ரத். நாளைக்கு எதைச் சொல்லணும்னு பகல்லயே யோசிச்சு வச்சுக்கிறாங்க" என்றார்.

எழுத்தில் பிழைகள் இருந்தன. சில இடங்களில் வாக்கியம் முடியவில்லை. ஆனால் அந்தப் பக்கங்களில் எவருடைய நேரமும் களவு போயிருக்கவில்லை. ஒரு தாய்க்குக் கொடுக்க வேண்டிய ஹக்கு கொடுக்கப்பட்டு, அதன் மேல் எழுத்து நின்றது.

நாளை மஹ்ஷரில், ஆயுளை எதில் கழித்தாய் என்னும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் அடியானின் பாதங்கள் நகரா என்று நபிமொழி எச்சரிக்கிறது. அன்று எழுதுகிறவனின் ஏட்டில், எழுதிய பக்கங்கள் எத்தனை என்பதோடு, அவை யாருடைய நேரத்தில் எழுதப்பட்டன என்பதும் இருக்கும்.

வல்ல ரஹ்மான் நம் நேரங்களில் பரக்கத் செய்வானாக! பிறர் ஹக்கில் கை வைக்காமல் நம் பங்கைக் கொண்டே நன்மையை விதைக்கும் தவ்ஃபீக்கை நம் வீட்டு ஆண்களுக்கும் பெண்களுக்கும் அளிப்பானாக! ஆமீன்.